சாயம் போகாத படம் எது?

கடை விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பட்டும் தகதகன்னுதான் இருக்கும். சாயம் நிக்குமா, ஓடுமா என்பது முதல் அலசலில்தான் தெரியும். காஞ்சிபுரத்தில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

சினிமாவும் அப்படித்தான் பாஸ். ரிலீஸ் அன்னிக்கு பேனர், பட்டாசு, மாலை, விசில்... எல்லாப் படமும் சூப்பர் ஹிட்டுதான். திங்கள்கிழமை காலையில் காலேஜ் பஸ்ஸில் ஏறும்போதுதான் பாதிப் படத்துக்குச் சாயம் இறங்க ஆரம்பிக்கும். 'செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்டா மச்சி' என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். வாலாஜாபாத் தாண்டுறதுக்குள்ள படம் ஃப்ளாப் ஆகிடும்!

வருஷக் கடைசி வந்தால் எல்லாப் பத்திரிகையிலும் 'டாப் டென்' வரும். ரேடியோவில் வரும். ஹாஸ்டல் ரூம் சுவரில்கூட மார்க்கர் பேனாவில் எழுதி ஒட்டுவார்கள். ஆனால் அந்த லிஸ்ட் எல்லாம் கடை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தது. அதனால், நாம கொஞ்சம் லேட்டாவே உட்கார்ந்து பேசுவோம். எடுத்துக்கொள்கிற வருஷம் 2024. அந்த வருஷப் படங்கள் எல்லாம் தியேட்டரை விட்டுப் போயாச்சு. ஓ.டி.டி.யில் பார்த்தாச்சு. டி.வி.யில் விளம்பர இடைவேளையோடு பார்த்து, சாப்பிட்டுக்கொண்டே அம்மாவுக்குக் கதையும் சொல்லியாச்சு. அதாவது, நல்லா அலசிக் காயப்போட்டாச்சு. இப்ப சொல்லுங்க, எதுக்குச் சாயம் நிக்குது?

வசூல் கணக்கு நமக்கு வேண்டாம். அந்த வருஷம் வசூலில் முதலிடம் விஜய்யின் 'கோட்'. வெங்கட் பிரபு இயக்கி செப்டம்பர் 5-ல் வந்தது. அதை மறுக்க யாருமில்லை. பெரிய எதிர்பார்ப்போடு வந்த 'இந்தியன் 2', 'கங்குவா' இரண்டும் என்ன ஆச்சுன்னும் உங்களுக்கே தெரியும். நாம கேட்பது வேற கேள்வி: எந்தப் படம் உங்களை விட்டு இன்னும் போகல?

ஏனாத்தூர் பி.காம்!

முதல் படத்தில் சண்டையே இருக்காது. 'அமரன்'. 2024 தீபாவளிக்கு, அக்டோபர் 31-ல் வந்தது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கம். மேஜர் முகுந்த் வரதராஜனாக சிவகார்த்திகேயன், இந்துவாக சாய் பல்லவி. படம் பார்த்துட்டு வெளியே வந்த நம்ம பசங்களில் பாதிப்பேர், கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஆக்ட் கொடுத்ததை நானே பார்த்தேன். (அந்தப் பாதியில் நானும் உண்டு.)

இந்தப் படத்தை நம்ம ஊர் தனியாகக் கொண்டாடக் காரணம் ஒன்று இருக்கிறது. படத்தில் நீங்க பார்ப்பது தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்களும் மைதானமும். முகுந்த் அங்கே இதழியல் படித்தவர். ஆனால் அதற்கு முன்னால் பி.காம். படித்தது எங்கே தெரியுமா? ஏனாத்தூர்! நம்ம சங்கராச்சாரியார் பல்கலைக்கழகம்தான். தினமும் நீங்க பஸ்ஸில் கடந்து போகிற அதே கேட்.

2006-ல் ராஜ்புத் ரெஜிமெண்ட்டில் அதிகாரி. பிறகு 44-வது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ். 2014 ஏப்ரல் 25-ல் காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் வீரமரணம். 2015 குடியரசு தினத்தன்று அவருக்கான அசோக சக்ராவை அவருடைய மனைவி இந்து வாங்கிக்கொண்டார். செய்தித்தாளில் இதெல்லாம் பத்து வருஷம் முன்னாடியே வந்ததுதான். ஆனால் அதே ஏனாத்தூரில் அக்கவுன்டன்ஸி படிச்சுக்கிட்டிருந்த எத்தனை பேருக்கு, தனக்கு முன்னாடி இந்த கேம்பஸில் யார் நடந்து போனார் என்று தெரிந்திருந்தது? சினிமா வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதில் வெட்கம் கொஞ்சம், பெருமை நிறைய!

ரப்பர் பந்தும், அரக்கோணம் பாசஞ்சரும்

அடுத்து கிரிக்கெட். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் டோர்னமென்ட் ஆடாத ஆள் யாராவது இருந்தால் கை தூக்குங்க. ஒருத்தரும் இல்லையா? ரைட்டு.

2024-ல் இரண்டு கிரிக்கெட் படங்கள். ஜனவரி 25-ல் 'ப்ளூ ஸ்டார்'. செப்டம்பர் 20-ல் 'லப்பர் பந்து'. இரண்டு டைரக்டர்களுக்கும் அதுதான் முதல் படம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்க. முன்னதுக்கு எஸ்.ஜெயக்குமார், பின்னதுக்கு தமிழரசன் பச்சமுத்து.

'ப்ளூ ஸ்டார்' நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. அரக்கோணம் பக்கத்து ஊர், 1990-களின் கடைசி. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு - அரக்கோணம் லைனில் பாசஞ்சர் ஏறினால் போய்விடலாம். ஒரே ஊரில் இரண்டு டீம். தெருவும் சாதியும் கிழித்து வைத்த கோடு மைதானத்துக்கு நடுவிலும் ஓடுகிறது. அந்த ஊர் டீமில் ஆடினவன் பெரிய கிளப் மைதானத்துக்குப் போய் நிற்கும்போது அவனுடைய ஷூவைப் பார்க்கிற பார்வை இருக்கே... அதை நாமும் எங்கேயாவது ஒரு செலக்‌ஷன் கேம்ப்பில் வாங்கியிருப்போம்.

'லப்பர் பந்து' வந்த வாரம் யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. ஹரிஷ் கல்யாண், 'அட்டகத்தி' தினேஷ். கெத்து என்ற பட்டப்பெயரோடு, வயசாகியும் பேட்டைக் கீழே வைக்க மனசு வராத ஒரு ஆள். அவருடைய வீக்னஸைக் கண்டுபிடித்து அவுட் ஆக்குகிற இளைஞன். அந்த இளைஞன் காதலிப்பது அவருடைய மகளை! கேட்டால் காமெடி லைன் மாதிரி இருக்கும். ஆனால் 'நீ யாரு எங்க டீமில் ஆட?' என்ற கேள்வியை இவ்வளவு சிரிக்க வைத்துக் கேட்ட படம் சமீபத்தில் இல்லை. விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், அவருடைய 'பொன்மனச் செல்வன்' பாட்டு தியேட்டரில் ஒலித்ததும் எழுந்த சத்தம்... அந்தப் பாட்டு வந்த 1989-ல் பிறக்காத பசங்க எழுப்பிய சத்தம் அது!

இந்தப் படத்துக்குக் கூட்டம் சேர்த்தது போஸ்டர் இல்லை. பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொன்னது. அதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

காணாமல் போன பொருளைத் தேடி...

ஜூன் 14-ல் வந்தது 'மகாராஜா'. விஜய் சேதுபதிக்கு 50-வது படம். 'குரங்கு பொம்மை' எடுத்த நித்திலன் சாமிநாதனின் இரண்டாவது படம். சலூன் வைத்திருக்கிற ஒரு மனுஷன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். 'லட்சுமியைக் காணோம்' என்கிறார். லட்சுமி யாரென்று கேட்டால்... ஒரு குப்பைத் தொட்டி! ஸ்டேஷனே சிரிக்கிறது. நாமும் சிரிக்கிறோம். இரண்டு மணி நேரம் கழித்து அந்தச் சிரிப்பை நினைத்தாலே கூசும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். இன்னும் பார்க்காத ஒருத்தராவது இருப்பார்.

உலகம் முழுக்க 100 கோடி ரூபாயைத் தாண்டிய படம். நவம்பர் 29-ல் சீனாவிலும் ரிலீஸ் ஆகி, அங்கேயும் நல்லா ஓடியது. பட்டு பிறந்த தேசத்தில் தமிழ்ப் படம் ஓடியதில் பட்டு ஊர்க்காரனுக்கு ஒரு தனி குஷி!

ஒரு சுவாரஸ்யம் சொல்லட்டுமா? தொலைந்துபோன பொருளைத் தேடி அலைகிற மனுஷன், அவனைப் பார்த்துச் சிரிக்கிற ஊர் - இந்த ஐடியா காஞ்சிபுரத்துக்குப் புதுசு இல்லை. சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னாடி பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு காமெடி நாடகம் எழுதினான். பெயர் 'மத்தவிலாசப் பிரகசனம்'. கதை நடக்கிற இடம் இதே காஞ்சி வீதிகள். ஹீரோ ஒரு குடிகாரக் காபாலிகன். அவனுடைய மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போய்விடுகிறது. நீதான் திருடினாய் என்று வழியில் போன புத்த பிக்குவோடு மல்லுக்கு நிற்கிறான். கடைசியில் பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! ராஜாவே சாமியார்களைக் கிண்டல் பண்ணி ஸ்கிரிப்ட் எழுதிய ஊர் இது. அதனால் நல்ல திரைக்கதை எது என்று நமக்கும் கொஞ்சம் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். தப்பில்லை!

பதினெட்டு நிமிஷம்

செப்டம்பர் 27-ல் 'மெய்யழகன்'. '96' தந்த சி.பிரேம்குமார். தஞ்சாவூர் வீட்டைச் சொந்தக்காரர்களிடம் இழந்துவிட்டு 1996-ல் ஊரைவிட்டுப் போன ஒருவர் (அரவிந்த்சாமி), பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிற ஒருத்தர் (கார்த்தி). யார் இவன், பெயர் என்ன என்று ஞாபகமே வரவில்லை. அதைக் கேட்கவும் கூச்சம். ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. அவ்வளவுதான் படம்!

'ரொம்ப நீளம்' என்று சொன்னார்கள். ரிலீஸுக்குப் பிறகு சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். இதில் நம்ம ஊரே இரண்டு கட்சி. 'பேசிக்கிட்டே இருக்காங்கப்பா' என்பது ஒரு கட்சி. 'அந்தப் பேச்சுதானே படம்' என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணம் சொல்கிறேன்.

நம்ம ஊரில் ஒரு புடவைக்கு, வேலைப்பாட்டைப் பொறுத்து, பத்து நாள், பதினைந்து நாள், அதற்கு மேலும் ஆகும். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடா. தறியில் உட்கார்ந்தவருக்குப் பக்கத்தில் நாடா எடுத்துப் போட இன்னொருத்தர் வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் உடலையும் கரையையும் இழை இழையாகக் கோத்துக்கொண்டே வரணும். கோர்வை வேண்டாம், சீக்கிரம் முடி என்றால் வேற புடவை கிடைக்கும். காஞ்சிபுரம் புடவை கிடைக்காது. மெதுவா நடப்பது என்பது எப்பவும் குறை இல்லை பாஸ். சில பொருளுக்கு அதுதான் தரம்.

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை

இந்தத் தேதியைத் தனியாகப் பேசணும். ஒரே நாளில் இரண்டு படம். மாரி செல்வராஜின் 'வாழை'. பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'.

'வாழை' மாரி செல்வராஜின் சொந்தச் சின்ன வயசு. லீவு நாளில் மற்ற பசங்க விளையாடப் போக, வாழைத்தார் சுமக்கப் போகிற ஒரு பையன். பள்ளிக்கூடம் அவனுக்கு ஜெயில் இல்லை, விடுதலை! திங்கள்கிழமைக்காக ஏங்குகிற பையனைத் தமிழ் சினிமாவில் நான் அதற்கு முன்னாடி பார்த்த ஞாபகம் இல்லை. நம்ம ஊரில் இதைப் பார்த்தவர்கள் சீட்டில் நெளிந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து தறியில் கோர்வை நாடா எடுத்துப் போட்ட கை எத்தனை பேருக்கு? பிள்ளையார்பாளையத்தில் ஐம்பது வயசைத் தாண்டிய யாரை வேணாலும் கேளுங்க. அந்தப் பையன் வாழைத்தோட்டத்தில் மட்டும் இல்லை.

'கொட்டுக்காளி' வேற ரகம். 'கூழாங்கல்'லுக்கு ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய இயக்குநரின் அடுத்த படம். தயாரித்தது சிவகார்த்திகேயன். சூரி, அன்னா பென். பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிட்டார்கள். பின்னணி இசையே கிடையாது. பேயோட்டுவதற்காக ஒரு பெண்ணை ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறது ஒரு குடும்பம். அவள் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. முடிவை நம் கையில் கொடுத்துவிட்டு படம் நின்றுவிடுகிறது. 'அவ்வளவுதானா?' என்று கத்தியவர்கள் உண்டு. வெளியே வந்து டீக்கடையில் ஒரு மணி நேரம் அந்த முடிவைப் பற்றியே சண்டை போட்டவர்களும் உண்டு. காசு கொடுத்து வாங்கின டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரச் சண்டை இலவசம் என்றால், நஷ்டம் இல்லையே!

ஆனால் ஒரு விஷயம். இந்த மாதிரிப் படங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூணே நாள்தான் கெடு. அதற்குள் கூட்டம் வரவில்லை என்றால் காலைக் காட்சிக்குத் தள்ளுவார்கள். காலைக் காட்சி நேரத்தில் நாம காலேஜில் இருப்போம். அடுத்த வெள்ளிக்கிழமை போஸ்டர் மேல வேற போஸ்டர். நீங்க 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம் மச்சி' என்று சொன்னதும் அந்தத் தீர்ப்பில் ஒரு கையெழுத்துதான்.

பழைய படம், புது விசில்

2024-ல் நம்ம ஊர்ப் பசங்க அதிகம் ஆடித் தீர்த்த படம் எது என்றால், சத்தியமாக அது 2024-ல் எடுத்த படமே இல்லை! 2004 ஏப்ரலில் வந்த 'கில்லி'. இருபது வருஷம் கழித்து 2024 ஏப்ரல் 20-ல் திரும்ப ரிலீஸ் ஆனது. முதல் ரிலீஸின்போது தொட்டிலில் கிடந்தவன் எல்லாம் வசனத்தைத் திரைக்கு முன்னாடியே சொல்கிறான். டி.வி.யில் நூறு தடவை பார்த்த படத்துக்குக் காசு கொடுத்து ஏன் போனோம்? சேர்ந்து கத்தத்தான்! வீட்டில் ரிமோட் இருக்கும். பக்கத்து சீட்டு இருக்காது.

இன்னொன்று 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. பிப்ரவரி 22-ல் வந்த மலையாளப் படம். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் உண்மையாக நடந்த விபத்து. சிதம்பரம் இயக்கம். தமிழ்நாட்டில் எந்த மலையாளப் படமும் அதுவரை அப்படி ஓடியதில்லை. காரணம் அந்தக் குகை மட்டுமில்லை, 'குணா' படப் பாட்டும்தான். அது வரும் இடத்தில் தியேட்டரே எழுந்து நின்றது.

இப்ப கொஞ்சம் பின்னால் போவோம். 'குணா' 1991 தீபாவளி ரிலீஸ். அதே நாளில் 'தளபதி'. அன்றைக்கு 'குணா' பெரிய ஹிட் இல்லை. 'என்னய்யா படம் இது, ஒண்ணும் புரியல' என்று எழுந்து போனவர்கள் நிறைய. முப்பத்திரண்டு வருஷம் கழித்து ஒரு மலையாளப் படத்துக்கு உயிரே அந்தப் படமாக இருந்தது! அப்படியென்றால் 1991 டிசம்பரில் யாராவது 'இந்த வருஷத்தின் ஃபேவரிட்' லிஸ்ட் போட்டிருந்தால் அதில் 'குணா' இருந்திருக்குமா? இருந்திருக்காது. அலசலுக்கு முந்தின லிஸ்ட் அது.

நம்ம பேரில் ஒரு படம்

இப்பதான் மேட்டருக்கு வருகிறேன். நம்ம ஊர் பெயரிலேயே ஒரு படம் வந்தது. 'காஞ்சிவரம்'. எத்தனை பேர் பார்த்திருக்கீங்க?

இயக்கியவர் பிரியதர்ஷன். ஆமாம், சிரிக்க வைக்கிற படங்களுக்குப் பெயர்போன அதே பிரியதர்ஷன். நெசவாளி வேங்கடமாக பிரகாஷ்ராஜ். அவர் மனைவியாக ஸ்ரேயா ரெட்டி. ஒளிப்பதிவு திரு. கலை இயக்கம் சாபு சிரில். 2008 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். 2009-ல் நம்ம தியேட்டருக்கு வந்தது. அதே 2009-ல் அறிவித்த 55-வது தேசிய விருதில் சிறந்த திரைப்படம் 'காஞ்சிவரம்'. சிறந்த நடிகர் பிரகாஷ்ராஜ். தமிழுக்கு வந்த மிகப் பெரிய விருது ஒன்று, நம்ம ஊர் பெயரைத் தாங்கி வந்தது!

கதை சுதந்திரத்துக்கு முந்தின காலத்தில் ஆரம்பித்து 1948-ல் முடிகிறது. முதலாளியின் தறியில் கூலிக்குப் பட்டு நெய்கிற ஒருவன், தன் மகளுக்குக் கல்யாணத்தில் பட்டுப் புடவை கட்டி அனுப்புவேன் என்று ஊர் முன்னால் வாக்குக் கொடுத்துவிடுகிறான். ஊரே அதிர்ச்சியாகப் பார்க்கிறது. பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு ஏது? கூலியில் அது நடக்காது என்று தெரிந்ததும், தினம் கொஞ்சம் பட்டு இழையை வாயில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். ராத்திரியில் ரகசியமாக நெய்கிறான். பிறகு அதே ஆள் கூலி உயர்வுக்காகப் போராட்டத்துக்குத் தலைமை ஏற்கிறான். வேலைநிறுத்தம் என்றால் தறி நிற்கும். தறி நின்றால் மகளின் புடவையும் நிற்கும். ஊரா, மகளா? இதற்கு மேல் சொல்ல மாட்டேன். கடைசிக் காட்சியை நீங்களே பார்த்துத் தாங்கிக்கொள்ளணும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் வந்தபோது நான் தியேட்டரில் பார்க்கவில்லை. 'அவார்டு படம்டா, அழுவாச்சி' என்று யாரோ சொன்னார்கள். நம்பினேன். அந்த வாரம் வேறு ஒரு படத்துக்குப் போனேன். எந்தப் படம் என்று இன்றைக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை! 'காஞ்சிவரம்' பார்த்தது பல வருஷம் கழித்து, வீட்டு டி.வி.யில். பக்கத்தில் அப்பா. தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்த மனுஷன். படத்தில் தப்பு கண்டுபிடிப்பார், 'இப்படியா நாடா போடுவாங்க' என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வேங்கடம் வாயில் இழையை வைக்கிற காட்சியில் மட்டும் எழுந்துபோய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தார். படம் முடிந்ததும் டி.வி.யை அவரே ஆஃப் பண்ணினார். லைட்டைப் போடவில்லை. அம்மாவின் கல்யாணப் புடவை எங்கே வாங்கினது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கத் தோன்றியது. கேட்டேன். அது பட்டே இல்லை.

அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சினிமா தேவைப்பட்டது. அதையும் தியேட்டரில் விட்டுவிட்டேன்.

அண்ணா எழுதின ஊர்

'சினிமாதானே, எதுக்கு இவ்வளவு சீரியஸ்?' என்கிறீர்களா? சினிமாவைச் சீரியஸாக எடுத்துக்கொண்ட ஊர்தான் இது. 1909-ல் இங்கே நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1967-ல் முதலமைச்சர் ஆவதற்கு முன்னால் யார்? சினிமா ரைட்டர்! 1949-ல் 'நல்லதம்பி'யும் 'வேலைக்காரி'யும் வந்தன. 1951-ல் 'ஓர் இரவு'. மேடையில் பேசினால் ஆயிரம் பேருக்குப் போவது, திரையில் பேசினால் லட்சம் பேருக்குப் போகும் என்று புரிந்துகொண்ட காஞ்சிபுரத்துக்காரர். இன்னும் பின்னால் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரச் சுவரில் பல்லவர் வரலாற்றை வரிசையாகச் சிற்பங்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் கல்லில் ஒரு படம் ஓடும். இன்டர்வெல் இல்லை, டிக்கெட்டும் இல்லை!

அப்படிப்பட்ட ஊரில் இப்ப என்ன நடக்கிறது? தறிக்குழியில் கால் வைக்க வேண்டிய நம்ம வயசுப் பசங்க, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்கிறார்கள். அதில் தப்பு சொல்ல நான் ஆளில்லை. நானும் தறியில் உட்காரவில்லை. தறி கட்டிப்போட்டது, கம்பெனி மாசச் சம்பளம் தந்தது. ஆனால் பெங்களூரிலும் சென்னையிலும் ஒரு கல்யாண வீட்டில் 'இது காஞ்சிபுரம்' என்று யாரோ முந்தானையைத் தூக்கிக் காட்டும்போது, அதுக்குப் பின்னாடி இருக்கிற கதையைச் சொல்ல யாராவது வேண்டும். தறி சொல்லாது. சினிமா சொல்லும், நாம பார்த்தால்.

உங்க லிஸ்ட் எங்கே?

சரி, என் லிஸ்ட்டைச் சொல்லிவிட்டேன். இனி உங்க டர்ன். ஒரு பேப்பரை எடுங்க. மூணே கேள்விதான்.

ஒண்ணு, எந்தப் படத்தை இரண்டாவது தடவை பார்த்தபோது முதல் தடவையைவிடப் பிடித்தது? அதுக்குச் சாயம் கெட்டி.

ரெண்டு, எந்தப் படத்தைப் பற்றி வீட்டில் இருக்கிற பெரியவங்களோடு பேசினீங்க? சண்டை போட்டிருந்தாலும் கணக்கில் சேரும். 'மெய்யழகன்' பார்த்துட்டு பல வருஷமாகப் பேசாத சித்தப்பாவுக்கு போன் போட்டீங்க என்றால், டபுள் மார்க்!

மூணு, எந்தப் படத்தை 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று விட்டீங்க? இந்தக் கேள்விக்கான பதிலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்க. அடுத்த தடவை யாரும் பேர் தெரியாத டைரக்டர் ஒருத்தரின் முதல் படம் வெள்ளிக்கிழமை வரும்போது, அந்தப் பேப்பரைப் பர்ஸில் வச்சுக்கிட்டு முதல் மூணு நாளுக்குள்ள போங்க. பிடிக்கலைன்னா திட்டுங்க, உரிமை இருக்கு. பிடிச்சிருந்தா நாலு பேருக்குச் சொல்லுங்க. 'லப்பர் பந்து' அப்படித்தான் ஜெயித்தது. ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே!

இந்த ஞாயிற்றுக்கிழமை ப்ரோக்ராம் என்ன? கிரிக்கெட் இருந்தால் சாயங்காலம் முடிந்துவிடும். அதுக்கப்புறம் 'காஞ்சிவரம்' பாருங்க. தனியா வேண்டாம். தறியில் உட்கார்ந்த ஒருத்தர் உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கண்டிப்பா இருப்பார். அவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வச்சுக்குங்க. படம் முடிஞ்சதும் உடனே லைட்டைப் போடாதீங்க.